மழைக்குக் கட்டிய பை

பிளாஸ்டிக் பை மக்க நானூறு ஆண்டு ஆகும் என்றொரு நம்பிக்கை நாட்டில் பரவியிருக்கிறது. இதைத் திருத்த வேண்டியது நம் கடமை. பிளாஸ்டிக் பை பிறந்தே இன்னும் நூறு ஆண்டு ஆகவில்லை. நானூறாம் ஆண்டில் உடனிருந்து பார்த்துக் கையெழுத்திட்டவர் எவருமில்லை. போத்தனூர் கல்லறைத் தோட்டத்தில் அது ஒரு கோடையைக்கூடத் தாண்டுவதில்லை. வெயிலில் அப்பளமாக நொறுங்கிவிடும். நொறுங்குவது வேறு, மக்குவது வேறு என்பார்கள் அறிஞர்கள். இருக்கட்டும்.

சூசைமேரிக்கு இது தெரியும். அதனால்தான், கணவரின் ரயில்வே பென்ஷனில் கௌரவமாக வாழ்ந்துவந்த அந்த அம்மாள், வருடம் முழுவதும் கடை கடையாகப் பழைய கவர் கேட்டு அலைந்தார்.

கிடைத்ததையெல்லாம் கல்லறைத் தோட்டத்து மரச் சிலுவைகளின் மேல் கவிழ்த்து, கயிறு போட்டுக் கட்டிவிடுவார். கறுப்புக் கவர், ஜவுளிக் கடைக் கவர், ஸ்வீட் கடைக் கவர்.

“புருஷன் போனதிலிருந்து இப்படித்தான்” என்று தெரு பேசிக்கொண்டது.

மாநகராட்சி பிளாஸ்டிக் தடையைக் கடுமையாக்கியதும் வார்டு சபை கூடியது.

“ஏனுங்க, எல்லாரும் கையை வீசிட்டு வந்து கவர் கேட்டா நான் என்ன பண்றது? பருப்பை வேட்டியிலயா முடிஞ்சு குடுப்பேன்?” என்றார் மளிகைக் கடை அங்கப்பன்.

“உங்க வேட்டியா, எங்க வேட்டியாங்க?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

பிளாஸ்டிக் ஒழிப்புக் குழுச் செயலாளர் கரோலின் எழுந்தார்.

“கடைங்க இருக்கட்டும். கல்லறைத் தோட்டத்தைப் பாத்தீங்களா? ரோட்டுல போறப்ப பாக்கறேன், குப்பைமேடாட்ட இருக்குது. எங்கம்மாவும் அங்கதான் படுத்திருக்காங்க. தம்பி ஷெர்வின் துபாயிலிருந்து வந்ததும் கிரானைட் வெக்கப்போறோம். அதுவரைக்கும் அவங்க குப்பைக்கு நடுவுல கிடக்கணுமாங்க?”

கைதட்டல். சூசைமேரி மெல்ல எழுந்தார்.

“கல்லறைத் தோட்டத்தை மட்டும் விட்டுப்போடுங்க.”

“அங்க யாருங்க ஆன்ட்டி மளிகை வாங்கறாங்க?” என்றார் கரோலின்.

சிரிப்பு.

“மழைக்குக் கட்டறதுங்க, கண்ணு…”

“செத்தவங்களுக்குச் சளி பிடிக்குமாங்க?”

இந்த முறை கவுன்சிலரே சிரித்துவிட்டார். சூசைமேரி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். எதிரே வரிசையாக உட்கார்ந்திருந்த முகங்களைப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சனிக்கிழமை கையுறை மாட்டிய தொண்டர் படை கல்லறைத் தோட்டத்தில் இறங்கியது. கரோலின் வாசலில் நின்று வீடியோ எடுத்தார். அவிழ்த்த கவர்களால் மூட்டைகள் நிரம்பின.

“மழைக்காலம் முடியட்டுமுங்க, அம்மணி” என்று சூசைமேரி வந்து நின்றார்.

“சட்டம்னா சட்டந்தானுங்க, ஆன்ட்டி. அங்கிள் சிலுவைக்கு வேணும்னா ஒரு துணியைக் கட்டிக்குங்க.”

“அவரு இங்க இல்லீங்க, கண்ணு. தாராபுரத்துல, அவங்க சொந்த ஊர்ல வெச்சிருக்குது.”

“அப்புறம் இதெல்லாம் யாருக்குக் கட்டியிருக்கீங்க?”

சூசைமேரி மூட்டையைப் பார்த்தார்.

“ஊர்க்காரங்களுக்குங்க.”

“ஊரே சேந்துதானுங்க தடை போட்டிருக்குது” என்று கரோலின் சிரித்தார். வீடியோவில் அந்தச் சிரிப்பும் பதிவானது. குழுவுக்குக் கேடயம் கிடைத்தது.

அந்த ஐப்பசியில் மழை விட்டு விட்டுப் பெய்தது, பெரும்பாலும் விடவில்லை.

கல்லறைத் திருநாளன்று கரோலின் சம்பங்கி மாலையோடு வந்தார். மாலை, குழுவின் பெயர் அச்சிட்ட துணிப்பையில் இருந்தது. அம்மாவைப் புதைத்த வேப்பமரத்தருகே போய் நின்றவர், இந்தப் பக்கம் நடந்தார், அந்தப் பக்கம் நடந்தார். ஒரே உயரத்தில் வரிசை வரிசையாக மரச் சிலுவைகள். எதிலும் எழுத்து இல்லை.

“ஆரோக்கியதாஸ் அண்ணா, எங்கம்மா பேரு எங்கீங்க?”

குழி வெட்டும் ஆரோக்கியதாஸ் மண்வெட்டியைச் சாய்த்து வைத்தார்.

“சவப்பெட்டிக் கடையில பெட்டியோட சேத்துக் குடுக்கற சிலுவைங்க இது. தண்ணியாட்ட பெயிண்டு. ஒரு மழைக்குத் தாங்காதுங்க.”

“போன வருஷம் பளிச்சுன்னு இருந்துச்சே?”

“சூசைமேரியம்மா கவர் போட்டுக் கட்டி வெச்சிருப்பாங்க. திருநாளுக்கு முந்தின நாள் வந்து எல்லாத்தையும் அவுத்துப்போடுவாங்க. நீங்கெல்லாம் வாரப்ப பேரு புதுசாட்ட இருக்கும்.”

கரோலின் பக்கத்துச் சிலுவையை விரலால் தடவிப் பார்த்தார்.

“வெளிய சொல்லிப்போடாதேன்னாங்க. கல்லு வெக்கலையேன்னு ஊர்ல யாரு மனசும் சங்கடப்படக் கூடாதாமா.” ஆரோக்கியதாஸ் குரலைத் தாழ்த்தினார். “பேரு இருக்கற குழியை நாங்க தொட மாட்டோமுங்க. பேரு இல்லீன்னா, இடப் பஞ்சத்துல வேற ஆளுக்குத் தோண்டச் சொல்லிப்போடுவாங்க.”

குழாயடியில் சூசைமேரி நின்றிருந்தார். இந்த வருடம் அவிழ்க்க ஒன்றும் இல்லை. கரோலின் ஓடினார்.

“ஆன்ட்டி, எங்கம்மா எதுங்க? நீங்கதானே கட்டுனீங்க? உங்களுக்குத் தெரியுமில்லீங்க?”

சூசைமேரி வேப்பமரத்தைப் பார்த்தார். சிலுவைகளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“நானும் பேரைப் படிச்சுத்தானுங்க, கண்ணு, தெரிஞ்சுக்குவேன்.”

கரோலின் திரும்பி வந்தார். மாலையின் நாரை அறுத்தார். ஒரு சிலுவைக்கு ஒரு பூவாக வைத்துக்கொண்டே போனார்.

கடைசி வரிசைக்குப் பூ போதவில்லை.