கழற்றாத பூட்டு

"அதைத் திறக்காதீங்க, மெர்வ். தப்பு என்னோடதுதான்னு அன்னைக்கே ஒத்துக்கிட்டேனே, இன்னும் எதுக்கு?"

பிரென்டன் கிட்டத்தட்டக் கெஞ்சினான். மெர்வின் காதில் அது ஏறவே இல்லை. ஷெட்டின் நடுவே நசுங்கிக் கிடந்த காருக்குள் பாதி உடம்பை நுழைத்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த மூடியின் திருகுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அது அவருடைய மகன் ஜாரட்டின் கார். போன கோடையில் கில்கர்ரா பந்தயத் தடத்தில், வளைவில் திரும்பாமல் நேராகப் போய்ச் சுவரில் மோதியது. ஜாரட் அங்கேயே போய்விட்டான். போலீஸ்காரர்கள் இத்தனை நாள் வைத்திருந்துவிட்டு நேற்றுதான் காரை வீட்டில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

பழைய கார்களைத் தடத்தில் ஓட்டுகிறவர்களுக்கு எமன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று தெரியும். ஆக்ஸிலரேட்டர் சிக்கிக்கொண்டால் பதற்றத்தில் கை சாவிக்குத்தான் போகும். சாவியைக் கொஞ்சம் அதிகமாகத் திருப்பிவிட்டாலோ, எஞ்சின் நிற்பதோடு ஸ்டீயரிங்கும் பூட்டிக்கொள்ளும். அப்புறம் ஆண்டவனே வந்தாலும் வண்டியைத் திருப்ப முடியாது. அதனால் தடத்தில் இறங்கும் முன்பே அந்தப் பூட்டைக் கழற்றிவிட வேண்டும் என்பது பந்தயக் கிளப்பின் கண்டிப்பான சட்டம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அவனவன் காரை அவனவனே சரிபார்க்கக் கூடாது, கூட்டாளிதான் பார்க்க வேண்டும். ஜாரட்டின் காரைப் பார்த்தவன் பிரென்டன். ஆக்ஸிலரேட்டர் சிக்கியிருக்கும், நான்தான் பூட்டைக் கழற்ற மறந்துவிட்டேன் என்று விசாரணையில் அவனே சொல்லித் தலையைத் தொங்கப்போட்டான். நசுங்கின காரை யார் பிரித்து மேய்வது? அவன் சொன்னதையே எழுதிக்கொண்டு விஷயத்தை முடித்துவிட்டார்கள்.

மெர்வினுக்கு அன்று பற்றிக்கொண்ட கோபம் இன்னும் அணையவில்லை. சின்ன வயதிலிருந்து இவர் வீட்டில் தின்று வளர்ந்த பயல் இப்படிச் செய்துவிட்டானே என்று ஆறவே இல்லை. போதாக்குறைக்கு ஜாரட்டின் நாய் வேறு இவனிடம் இருந்தது. விபத்துக்கு முந்தின வாரந்தான் ஜாரட் அதை இவனிடம் கொடுத்திருந்தான். இப்போதும் வெளியே பிரென்டனின் வண்டியில்தான் அது படுத்துக் கிடந்தது, அந்த நாயைப் பார்க்கக்கூட மெர்வினுக்குப் பிடிக்கவில்லை.

கிளப்பில் சிலர், பாவம் போகட்டும், பிரென்டனை மறுபடி சேர்த்துக்கொள்ளலாம் என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். அது காதுக்கு வந்ததிலிருந்து மெர்வினுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தப் பூட்டைக் கழற்றிக் கொண்டுபோய் அவர்கள் மேசையில் போட வேண்டும், இவன் ஜென்மத்துக்கும் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. கண்ணால் பார்க்கட்டும் என்றே அவனையும் வரச்சொல்லியிருந்தார்.

அவர் மனைவி நொலீனுக்கு யார் மேலும் வன்மம் இல்லை. அவளை உயிரோடு வைத்திருந்தது ஒரே ஒரு நினைப்பு. "எம்புள்ள கடைசி வரைக்கும் திருப்பத்தான் பார்த்திருக்கான். பூட்டுதான் விடல," என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வாள். அப்படிச் சொல்லிவிட்டால் அன்றைக்கு ரெண்டு வாய் சாப்பிடுவாள். காரைப் பார்க்கத் தெம்பில்லாமல் இப்போது ஷெட்டுக்கு வெளியே நின்றிருந்தாள்.

பிரென்டன் எட்டி மெர்வினின் கையைப் பிடித்தான். அவர் உதறிவிட்டுக் கடைசித் திருகையும் கழற்றினார். மூடி விழுந்தது. டார்ச் அடித்துப் பார்த்தார்.

சாவித் துளைக்குப் பின்னால், ஸ்டீயரிங் தண்டில் பாய்ந்து பிடிக்கிற இரும்புத் தாழ் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. மோதலில் உடைந்ததும் இல்லை. அடியோடு அறுத்து, பிசிர் இல்லாமல் அரம் போட்டு, மேலே பெயிண்டும் பூசியிருந்தது. பிரென்டன் எந்த வேலையைச் செய்தாலும் அப்படித்தான் சுத்தமாகச் செய்வான்.

மெர்வின் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"கழட்டியிருக்கியேடா."

பிரென்டன் தரையைப் பார்த்தபடி தலையாட்டினான்.

"அப்போ ஆக்ஸிலரேட்டர்?"

"அதுவும் சிக்கல, மெர்வ்." வெளியே கேட்டுவிடக் கூடாதென்று குரலை ரொம்பத் தாழ்த்திக்கொண்டான். "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. நான் அந்த வளைவுலதான் நின்னுக்கிட்டிருந்தேன். அவன் திருப்பவே இல்ல."

மெர்வின் அப்படியே அந்தச் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். பெற்ற அப்பனுக்கும் தெரியாமல் அந்தப் பிள்ளை எதைச் சுமந்துகொண்டு திரிந்தான்? இனி யாரைக் கேட்பது? எதிரே நிற்கிறவனைக் கொலைகாரன் என்று இத்தனை நாளும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார், அவன் ஒரு நாளும் எதிர்த்து வாயைத் திறக்கவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதையும் சத்தமில்லாமல்தான் அழ வேண்டியிருந்தது.

"மெர்வ்?" வெளியிலிருந்து நொலீன் கூப்பிட்டாள். "பூட்டு இருக்கா?"

மெர்வின் பிரென்டனின் கையைத் தேடிப் பிடித்து இறுக்கிக்கொண்டார். முகத்தைத் துடைத்துத் தொண்டையைச் செருமினார்.

"இருக்கு, நொலீ. இந்தப் பாவிதான் கழட்டாம விட்டிருக்கான்."