ஆரஞ்சுத் தாளில் ஒரு சிங்கம்

கத்தானியா நகரின் ஞாயிற்றுச் சந்தையில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. பழம்பொருள் விற்கும் நூன்சியோ பொரித்த மீனைத் தின்று முடித்து, தன் விற்பனைப் பெட்டியிலிருந்தே ஒரு மெல்லிய தாளை உருவி விரல்களைத் துடைக்கிறான். அந்தக் காலத்தில் ஏற்றுமதி ஆரஞ்சுகளைச் சுற்றி அனுப்பிய தாள் அது. நடுவில் பொன்னிற மையில் அச்சிட்ட சிங்கம். இத்தகைய தாள்களைத் தேடித் தேடிச் சேர்க்கிற பேருந்து ஓட்டுநர் இக்னாசியா எதிரே நின்று அலறுகிறாள். "அடப்பாவி! அதுல போயா கை துடைக்கிறே?" "தூக்கி எறியத்தானேக்கா அச்சடிச்சாங்க?" "ஆமாடா, எறியத்தான். ஊர் உலகமே எறிஞ்சுது. யாரோ ஒருத்தி மட்டும் பழத்தை உரிச்சிட்டு, அட, அழகா இருக்கேன்னு இதை நீவி மடிச்சு வெச்சிருக்கா. அவ காப்பாத்தினதை நீ மீன் எண்ணெயில முக்குறே!" நூன்சியோ சிரிக்கிறான். "சரி, சும்மாவே எடுத்துட்டுப் போ." அந்தச் 'சும்மா'வில் அவள் முகம் இன்னும் சிவக்கிறது. தாளைப் பிடுங்கி வெயிலில் விரிக்கிறாள். எண்ணெய் பட்ட இடம் கண்ணாடிபோல் ஒளிவிடுகிறது. சிங்கத்துக்கு வாலைக் காணோம். அது கிழிந்து அவன் கட்டைவிரலில் ஒட்டி மினுங்குகிறது. "அசையாதே!" அவன் மணிக்கட்டை இறுகப் பற்றி, நகநுனியால் அதை உரிக்கத் தொடங்குகிறாள். அவன் கடையில் பழைய பீங்கான் தட்டு வாங்க வந்தவர்கள் காத்திருக்கிறார்கள். நூன்சியோவின் சிரிப்பு நின்றுவிட்டது. மூச்சையும் அடக்கிக்கொண்டு நிற்கிறான்.