நான்காவது தாள்

ஜப்பானின் ஒசாகா நகரில் ஓர் அறையில் மொழிபெயர்ப்பு நிறுவனங்களின் ஆட்கள் கூடியிருக்கிறார்கள். பலகையில் ஒரே மருந்துக் குறிப்பின் மொழிபெயர்ப்புகள் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கின்றன. சில மனிதர் செய்தவை, சில இயந்திரம் செய்தவை. தரத்தை அளக்க எல்லாருக்கும் பொதுவான விதிகள் வகுக்க வேண்டும் என்பதால், செய்தவர் பெயரைக் காகிதம் ஒட்டி மறைத்துத்தான் மதிப்பெண் போட்டார்கள். நான்காவது தாளில், குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற வரியே இல்லை. "இது மிஷின் கக்கினது. மனுஷன் செஞ்சிருந்தா அந்தக் கம்பெனியவே மருந்து வேலையிலேர்ந்து தள்ளி வைக்கணும்" என்று சற்று முன் சொன்னவர் முதியவர் தொகாஷிதான். எல்லாரும் தலையசைத்து அதையே விதியாக்கிவிட்டார்கள். இப்போது பக்கத்தில் மகன் ஷூஜியின் காதுமடல் சிவந்திருக்கிறது. "அப்பா, நாலாவது நான் செஞ்சது" என்று கிசுகிசுக்கிறான். தொகாஷி தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைக்கிறார். "முன்னாடியே ஏன்டா சொல்லல?" "சபையில நீங்க பேசறப்ப குறுக்க பேசக் கூடாதுன்னு வளத்தது நீங்கதானே." தொகாஷியின் தந்தை தொடங்கிய நிறுவனத்தின் பெயர்தான் நான்காவது தாளில் ஒட்டிய காகிதத்துக்கு அடியில் இருக்கிறது. கூட்டத் தலைவி முனகாதா, செய்தவர் பெயரைக் காட்ட, முதல் மூன்று காகிதங்களை உரித்துவிட்டார். நான்காவதன் ஓரத்தில் நகத்தை வைத்தவர் நின்று திரும்புகிறார். "பெரியவரே, தப்பக் கண்டுபிடிச்சது நீங்க. உங்க கையாலேயே பிரிங்க." சொல்லிவிட்டுக் குனிந்து வழிவிடுகிறார். எல்லாரும் கைதட்டுகிறார்கள். தொகாஷி கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து பலகை வரை நடக்கிறார். முதுகு நேராகத்தான் இருக்கிறது. விரல்கள் மட்டும் அந்தக் காகிதத்தைப் பிரிக்காமல், இன்னும் அழுத்தி ஒட்டவைத்துக்கொண்டிருக்கின்றன.