குறுக்கே வந்த எரிமலை

“எங்க ஊட்ல எடுத்துக் குடுத்த பெட்டியையும் கம்பளிக் கோட்டையும் திருப்பிக் குடுங்க, அத்தை.”

வாசற்படி ஏறியதும் நர்மதா சொன்ன முதல் வார்த்தை இதுதான். மாப்பிள்ளைக்குக் கொடுத்த சீரைத் திருப்பிக் கேட்டால் நிச்சயமே முறிந்துவிடும், அதை மட்டும் கேட்டுத் தொலைக்காதே என்று அவள் அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

பூவம்மாள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள். “கேட்டியாடா அன்பு, நம்ம ஊட்டுக்கு வரப் போற மருமவ பேசறத? இதுக்குத்தான் இவங்க குடும்பத்துலயே மொத ஆளா காலேஜு படிச்சாளாமா?”

அன்புராஜ் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கும்மிடிப்பூண்டியில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் அவனுக்கும் நர்மதாவுக்கும் ஒரே பிரிவில் வேலை. நிச்சயம் முடிந்த மறுநாளே மூன்று மாதப் பயிற்சிக்காக அவன் ஜெர்மனிக்குக் கிளம்பினான். ‘ஜெர்மனி செல்லும் எங்கள் தங்கமே’ என்று ஊத்துக்கோட்டை பஸ் நிலையத்தில் நண்பர்கள் ஃப்ளெக்ஸ் பேனர் கட்டினார்கள். ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து, சாம்பல் மேகம் பரவி, ஐரோப்பாவுக்குப் போகும் விமானங்களெல்லாம் நின்றுபோயின. மாலையும் கழுத்துமாக மீனம்பாக்கம் போனவன் பெட்டியும் கையுமாகத் திரும்பி வந்தான். பேனர் இன்னும் தொங்குகிறது. டீக்கடையில் இப்போது அவன் பெயரே ‘ஜெர்மனி’. அதற்குப் பயந்து பகலில் வெளியே தலைகாட்டுவதில்லை.

“என் ராசிதான் எரிமலைய வெடிக்க வெச்சிச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்கீங்களாமே?” என்றாள் நர்மதா.

“பின்ன? பூன குறுக்க போனாவே ஒக்காந்து தண்ணி குடிச்சிட்டுப் போறவங்க நாங்க. எம் புள்ளைக்கு எரிமலையே குறுக்க வந்துகீது.”

“அந்தச் சாம்பல் என்ஜினுக்குள்ள போனா உருகி, கண்ணாடி மாதிரி ஒட்டிக்கும். பறக்கும்போதே என்ஜின் நின்னுடும். அதுக்குத்தான் ஃப்ளைட்ட நிறுத்தினாங்க. இதுல என் ராசி எங்க வந்துச்சு?”

“இத்தினி நாளா சும்மா கெடந்த மல, உன் கைல மோதிரம் போட்ட ஒடனே பாத்தா வெடிக்கணும்?”

“லட்சக்கணக்கான ஜனம் ஏர்போர்ட் தரையில துணிய விரிச்சிப் படுத்துக் கெடந்துச்சு. அவங்க எல்லாருக்குமா என்கூட நிச்சயம் ஆச்சு?”

அன்புராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா முறைத்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டான்.

நர்மதா அவன் பக்கம் திரும்பினாள். “நீங்க சொல்லுங்க. ஃப்ளைட்டெல்லாம் மறுபடி ஓட ஆரம்பிச்சாச்சு. மேனேஜர் துளசிராமன் சார் போன் மேல போன் போட்டாரு. ஏன் எடுக்கல?”

“செல்லு... அம்மா அரிசி டின்ல போட்டு மூடிட்டாங்க.”

“டின்னுக்குப் பூட்டா போட்டிருக்கு?”

“அதில்ல நர்மதா, ஆடி கழியட்டும்னு சொல்றாங்க. பெரியபாளையத்தம்மனுக்கு வேண்டிக்கினு, அப்புறமா போனா...”

“உங்களுக்குப் போவணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லுங்க.”

அவன் அம்மாவைப் பார்த்தான். அவ்வளவுதான்.

“பெட்டி எங்க?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நர்மதாவே கட்டிலுக்கடியிலிருந்து அதை இழுத்தாள். உள்ளே இருந்த கம்பளிக் கோட்டு, சட்டைகள், பேன்ட்டுகள், ஷேவிங் சாமான் எல்லாவற்றையும் எடுத்துக் கட்டில் மேல் போட்டாள். பருப்புப்பொடி பாட்டில் மட்டும் கையில் கொஞ்சம் தயங்கியது. அதை மறுபடி பெட்டிக்குள்ளேயே வைத்தாள்.

“அது நான் அரைச்சது” என்றாள் பூவம்மாள்.

“தெரியும். நல்லாத்தான் இருக்கும்.”

“அவ்ளோதானா? பட்டு வேட்டி, வாட்ச்சு, அவன் போட்டுக்கினு இருக்கற மோதிரம், இதெல்லாம் கேக்கலியா?”

“அதெல்லாம் அவரே வெச்சிக்கட்டும். எனக்கு இது ரெண்டும் போதும்.”

“அப்ப நாங்க போட்ட மோதிரத்தக் கழட்டி வெச்சிட்டுப் போ.”

“எதுக்கு?”

“எதுக்கா? நிச்சயத்த முறிச்சிக்கினு போறவ, மோதிரத்தோடவா போவ?”

“முறிச்சிக்கறேன்னு நான் எப்ப சொன்னேன்?”

பூவம்மாள் மகனைப் பார்த்தாள். மகன் அம்மாவைப் பார்த்தான்.

“இன்னாடா இது பேஜாரு? நிச்சயமும் இருக்கணுமாம், குடுத்த சாமானும் வேணுமாம். இன்னாமே, இந்தச் சித்திர வெயில்ல கம்பளிக் கோட்ட வெச்சிக்கினு இன்னாதான் பண்ணப் போற?”

வெளியே கம்பெனி கார் ஹாரன் அடித்தது. நர்மதா கோட்டை மடித்துப் பெட்டிக்குள் திணித்து ஜிப்பை இழுத்தாள்.

“நர்மதா, அப்போ நம்ம கல்யாணம்?” அன்புராஜ் ஒருவழியாக எழுந்து நின்றான்.

“திரும்பி வந்து சொல்றேன்.”

“எங்கேர்ந்து?”

“ஜெர்மனியிலேர்ந்துதான். விசா நம்ம ரெண்டு பேருக்குமே எடுத்து வெச்சிருந்தாங்க இல்ல? நீங்க போன் எடுக்கலன்னதும் சார் என்னப் போவச் சொல்லிட்டாரு; ராத்திரி ஃப்ளைட்டு” என்றபடி, பெட்டியின் சக்கரங்கள் வாசற்படியில் தடதடக்க, நர்மதா காரை நோக்கி நடந்தாள்.