குறுக்கே போனவள்

"டீச்சர், வலை வீசையில கைய விட்டாத்தான் வலை விரியும். மட்டைய மட்டும் ஏன் விடக் கூடாது?"

அனிஷா கேட்டதும் மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். புன்னைக்காயல் பள்ளி மைதானத்தில் பேஸ்பால் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அப்பாவோடு ஆற்றுமுகத்தில் வலை வீசிப் பழகிய கை அவளுடையது. மட்டையை நன்றாகத்தான் சுழற்றுவாள். முடிவில் விரல்கள் தாமாகத் திறந்துவிடும்.

"வலை மீனுக்குப் போகணும். மட்டை உங்கிட்டயே இருக்கணும்ளா," என்றாள் பயிற்சி தரும் ஜெஸ்லின். "முதல்ல இடுப்பு திரும்பட்டும். கை அதுக்குப் பின்னால வரட்டும். பந்து போன பெறவும் பிடிய விடாத."

"இவ மட்டை கடலுக்கே போயிரும் டீச்சர்!" என்றாள் விஜிலா.

அனிஷா சிரிக்கவில்லை. இன்னொரு முறை மட்டை பறந்தால் அவளுக்கு அணியில் இடமில்லை என்று தலைமையாசிரியை சிஸ்டர் சொல்லியிருந்தார். சனிக்கிழமை மாவட்டப் போட்டி.

"எங்கம்மாதான் உங்ககிட்ட சேரச் சொன்னா டீச்சர். வேற யாருகிட்டயும் வேண்டாம்னுட்டா."

ஜெஸ்லின் ஒரு பந்தைக் கையில் எடுத்தாள். பிறகு மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பினாள். அனிஷாவின் பக்கத்தில் மண்டியிட்டுப் பந்தைத் தூக்கிப்போட்டாள்.

இடுப்பு திரும்பியது, கை பின்னால் வந்தது, பந்து வேலியைத் தாண்டியது. அடுத்ததும் அப்படியே. அனிஷாவின் முகம் மலர்ந்தது. அதற்கடுத்த பந்தில், வியர்த்த விரல்கள் திறந்துகொண்டன.

மட்டை ஜெஸ்லினின் புருவத்தைக் கிழித்தது.

"ஐயோ, டீச்சர்!"

"ஒண்ணுமில்ல, அழாத. நாளைக்குப் பிடியில வலைநூல் சுத்திக் கொண்டாறேன், வழுக்காது. போ, முகத்தக் கழுவு."

அனிஷா குழாயடிக்கு ஓடினாள். சிஸ்டர் பதறி வந்தார்.

"ரத்தமா வழியுதே! அந்தப் புள்ளதானே?"

"இல்ல சிஸ்டர். அவ சரியாத்தான் வீசினா. நாந்தான் குறுக்க போயிட்டேன்."

கோயிலில் மாலை ஜெப மணி அடித்தது.

"ஜெப மணி அடிக்கையில பொய் சொல்லக் கூடாது ஜெஸ்லின். உண்மையச் சொல்லு."

ஜெஸ்லின் சிலுவை போட்டுக்கொண்டாள். "நாந்தான் குறுக்க போனேன்."

பள்ளி வாசலில் அனிஷாவுக்காக அவள் அம்மா எமில்டா காத்திருந்தாள். கைக்குட்டையால் புருவத்தை மூடியபடி ஜெஸ்லின் அவளைக் கடந்து போனாள்.

பல வருடங்களுக்கு முன் இதே மைதானத்தில், மாணவி ஜெஸ்லினின் கையிலிருந்து பறந்த மட்டை எமில்டாவின் இடது கண்ணைப் பறித்த அன்று, விசாரித்தவர்களிடம் அவள் சொன்னதும் அதைத்தான்: "நாந்தான் குறுக்க போயிட்டேன்."