ஹரலூக் யார் வீட்டுச் சொல்?

"அது துருக்கிக்காரங்க கொண்டாந்த வார்த்தை. இத்தனை வருசமாச் சொல்றேன், உனக்கு ஏறுதா?" வாசலில் நின்றபடி வீட்டுக்குள் பார்த்துக் கத்தினார் ஆதித்தன்.

"எங்க ஊரு வார்த்தைங்க அது! எங்கப்பா பட்டறையில இரும்பு அடிக்கிறப்ப பாட்டுல சொல்லுவாக. நான் காதால கேட்டவ." உள்ளறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி சுப்புத்தாய் விட்டுக்கொடுக்கவில்லை.

மதுரை வரை சவாரிக்கு வந்திருந்த ஜீப் டிரைவர் செல்லப்பாண்டி முழித்தான். போடிக்காரன், கூடலூருக்கு வண்டி ஓட்ட வந்து ஒரு வாரம்தான் ஆகிறது.

"என்ன வார்த்தைண்ணே?"

"ஹரலூக். பழைய ரஷ்யப் பாட்டுல வாள் செய்யிற எஃகுக்குப் பேரு. மேல வரிவரியா ஓடும். நான் அங்கன போயி உலோகம் படிச்சவன். அந்தச் சொல்லு எங்கருந்து வந்துச்சுன்னு பெரிய பெரிய ஆளுகளே இன்னும் அடிச்சுக்கிறாக. ஆனா வெளியிலருந்து வந்ததுதான்."

செல்லப்பாண்டி சிரித்துவிட்டான். "ரஷ்யாக்காரன் வார்த்தை அம்மா ஊரு வார்த்தையா? எதை எடுத்தாலும் நம்ம ஊருதாம்பாக நம்ம ஆளுக!"

"ஏலே, யாருலே அங்கன சிரிக்கிறது?" உள்ளிருந்து அதட்டல் வந்தது.

ஆதித்தனுக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணமான புதிதில் தொடங்கிய சண்டை இது. பழைய சோற்றுக்கு ஊறுகாய் மாதிரி தினமும் கொஞ்சம் வேண்டும். இன்று அவர் அதைக் கிளப்பியது பயத்தில். பட்டறையை இடிக்கப்போகிறோம் என்று அவள் தம்பி செல்போனில் சொன்னதிலிருந்து சுப்புத்தாய்க்குப் பிறந்த வீட்டு நினைப்புத்தான். முப்பது வருடமாகப் பார்க்காத வீடு. போனவள் அங்கேயே தங்கிவிட்டால்?

"திரும்பி வர்றப்பவும் நானே வண்டி கொண்டாரவாண்ணே?"

ஆதித்தன் திராட்சைப் பந்தல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உள்ளே பெட்டி மூடும் சத்தம் கேட்டது.

"என்னங்க..." குரல் இறங்கி வந்தது. "நீங்க சொன்னதே சரியா இருக்கட்டும். வெளியிலருந்து வந்த வார்த்தைதான். ஆனா வந்த இடத்துலயே தங்கிருச்சுல்ல? திரும்பி ஓடிப் போகலையே?"

ஆதித்தன் போய் ஜீப்பின் கதவைத் திறந்துவைத்தார்.

"போயிட்டு வாறேன். தம்பி, திரும்பி வர்றப்பவும் நீயே வந்துரு," என்று டிரைவருக்கும் சொன்னாள் சுப்புத்தாய்.

பெட்டியோடு வெளியே வந்தவளைப் பார்த்துச் செல்லப்பாண்டி பெட்டியை வாங்க மறந்தான். சுங்குடிச் சேலை, நெற்றி நிறையக் குங்குமம், அதற்குக் கீழே இரண்டு நீலக் கண்கள்.

"ரஷ்யாவுல இவ பேரு கலீனாப்பா," என்றார் ஆதித்தன். "சுப்புத்தாய்ங்கிறது எங்காத்தா வச்சது."