மரப்பட்டைக் கட்டு

ஆட்டின் குரல் கேட்டதும் அவள் நின்றாள்.

மறுபடி ஒரு தடவை கத்தாதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

காட்டுக்குள் பனி இன்னும் உருகி முடியவில்லை. மரத்தடிகளில் அழுக்கு வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. கால்விரல்கள் மரத்துப்போயிருந்தன. திரும்பிப் பார்த்தாள். குடியிருப்பைச் சுற்றிய மரவேலி தெரியவில்லை. அடுப்புப் புகை மட்டும் தெரிந்தது.

வேலியைத் தாண்டக் கூடாது என்பது கேப்டனின் கட்டளை.

காலையில் விறகுக்காகக் கதவைத் திறந்த நேரத்தில் ஆடு நழுவி ஓடிவிட்டது. அப்பா கேப்டனிடம் கெஞ்சிப் பார்த்தார். ஒரு ஆட்டுக்காக ஆளை இழக்க முடியாது என்று கேப்டன் கையை விரித்துவிட்டார்.

ஒரு ஆடுதான். ஆனால் பால் தரும் ஆடு அங்கே அது ஒன்றுதான்.

இங்கிலாந்திலிருந்து கப்பலேறி இந்தப் புதிய கண்டத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேரை அந்தக் குளிர்காலம் கொண்டுபோய்விட்டது. அம்மாவும் தம்பியைப் பெற்றுப்போட்ட கையோடு கண்ணை மூடிவிட்டாள். தம்பி பிழைத்துக் கிடப்பது ஆட்டுப்பாலில்.

காலையெல்லாம் வீறிட்டு அழுதவன் உச்சிப்பொழுதில் அழுகையை நிறுத்திவிட்டான்.

அதன் பிறகுதான் அவள் வேலியின் இடுக்கு வழியே வெளியே வந்தாள்.

ஆடு மறுபடி கத்தியது.

கையிலிருந்த கழியை இறுகப் பிடித்துக்கொண்டு முட்புதரைச் சுற்றிப் போனாள்.

ஆடு கீழே கிடந்தது. பக்கத்தில் ஒருத்தி மண்டியிட்டிருந்தாள்.

மான்தோல் போர்த்திய சிறுமி. கறுத்த கூந்தல் முதுகில் புரண்டது. ஆட்டின் பின்னங்காலைத் தூக்கி வாயருகே கொண்டுபோனாள்.

கடிக்கப் போகிறாள்.

அவள் கழியை ஓங்கினாள்.

அந்தச் சிறுமி நிமிர்ந்து, பல்லில் கவ்வியிருந்த முள்ளைத் துப்பினாள். நீள முள். நுனியில் ரத்தம்.

அப்போதுதான் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

யாரும் அசையவில்லை. ஓங்கிய கழி ஓங்கியபடியே நின்றது. சிறுமியின் கண்கள் கழியைப் பார்த்தன. ஆனால் ஆட்டின் காலை விடவில்லை.

அவள் கழியைக் கீழே போட்டாள்.

சிறுமி ஒரு மரப்பட்டை நாரை எடுத்துக் காயத்தைச் சுற்றிக் கட்டினாள். ஆடு எழுந்தது. நொண்டியது. பிறகு நின்றது. சிறுமி அதன் தாடியைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தாள். தன் மோவாயைத் தடவிக்கொண்டாள். இப்படியொரு பிராணியைக் கண்டதே இல்லை போலிருந்தது. கிழவரைப் போல உதட்டைப் பிதுக்கிக் காட்டினாள்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா போன பிறகு வந்த முதல் சிரிப்பு. தன் குரலே தனக்குப் புதிதாக இருந்தது.

தூரத்தில் ஒரு பெண்குரல் கூப்பிட்டது. என்ன மொழியானால் என்ன, அது பிள்ளையைத் தேடும் தாயின் குரல். சிறுமி எழுந்து மரங்களுக்குள் ஓடி மறைந்தாள்.

அவள் ஆட்டோடு திரும்பியபோது வேலிக் கதவருகே கேப்டன் ஹாலட் துப்பாக்கியோடு நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் ஆட்கள். ஆட்களுக்குப் பின்னால், முகம் வெளுத்துப்போய், அப்பா.

"அவங்கள்ல யாரையாவது பார்த்தியா?" கேப்டன் கேட்டார்.

சோளக் களஞ்சியத்தில் களவு போனதிலிருந்து, காட்டில் வாழும் பூர்வகுடிகள் மேல் சந்தேகப்பட்டு, அவர் இதைத்தான் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவர் கண்ணில் பட்டாலும் போதும், துப்பாக்கிகளோடு கிளம்பிவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

"இல்லைங்க ஐயா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"ஆடு முள்ளுல மாட்டிக்கிட்டிருந்துச்சு. நான்தான் எடுத்துவிட்டேன். அங்க யாருமே இல்லை."

கேப்டனின் பார்வை அவள் முகத்திலிருந்து இறங்கியது. ஆட்டின் கொம்புக்கு. முதுகுக்கு.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பின்னங்காலில் அந்தக் கட்டு. பின்னிப் பின்னி முடிந்த கட்டு. வேலிக்குள் இருக்கும் எவருக்கும் அப்படி முடியத் தெரியாது.

ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு அப்பா வந்தார். அவளைப் பார்க்கவில்லை. குனிந்து ஆட்டை அப்படியே வாரி எடுத்தார். அதன் பின்னங்கால்கள் அவருடைய கோட்டுக்குள் போயின.

"நொண்டுது பாவம். நான் தூக்கிக்கிட்டுப் போறேன்," என்றார். "வா டாமரிஸ். தம்பி பசியோட கிடக்கான்."

வீட்டில் அப்பா பாலைக் கறந்தார். அவள் துணி நுனியை நனைத்துத் தம்பியின் உதட்டில் வைத்தாள்.

பால் கன்னத்தில் வழிந்தது.

மறுபடி வைத்தாள். மறுபடியும் வழிந்தது.

மூன்றாம் முறை அந்தச் சின்ன உதடுகள் அசைந்தன. பற்றிக்கொண்டன. பிறகு துணியையே விழுங்கிவிடுவதுபோல் உறிஞ்சத் தொடங்கினான்.

அப்பா சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். நீண்ட மூச்சொன்று அவரிடமிருந்து வெளியேறியது.

பிறகு ஆட்டை அருகே இழுத்தார். கட்டை அவிழ்த்தார். காயத்தைப் பார்த்தார். முன்பு எப்படி இருந்ததோ அப்படியே திரும்பக் கட்ட முயன்றார். முடிச்சு வரவில்லை.

"இதைக் கட்டினவங்களுக்கு என்ன வயசு இருக்கும்?" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

அவள் கை துணியோடு நின்றது. தம்பி சிணுங்கினான்.

"என் வயசுதான்ப்பா இருக்கும்."

அப்பா தலையாட்டினார். எழுந்து, கதவைத் தாழிட்டுவிட்டு வந்தார்.

அவள் துணியை மறுபடி பாலில் நனைத்தாள்.